காவிரியின் திமில் மஹ்சீர்: தூண்டில்காரர்கள் காத்ததும் கவனிக்கத் தவறியதும்

காவிரியையும் அதன் துணையாறுகளையும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத பெருமீன் ஒன்று உண்டு. தலைக்குப் பின்னால் திமில்போல மேடிட்டு எழும் முதுகும், செம்மஞ்சள் சாயல் ஓடும் துடுப்புகளும் கொண்ட அந்த மீனை இக்கட்டுரையில் திமில் மஹ்சீர் என்று குறிப்பிடுகிறேன். அதைப் பிடிக்கும் ஆசையால் ஆற்றங்கரைக்கு வந்தவர்களே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதற்குக் காவலாகவும் நின்றார்கள். ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தார்கள், காவலாட்களை அமர்த்தினார்கள், பிடித்த மீனை உயிரோடு திருப்பி விட்டார்கள், மீன் குறைந்துவிட்டது என்று கருதியபோது பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ஆற்றில் விட்டார்கள். இத்தனையும் நடந்த பிறகு, 2018-இல், இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் அந்த மீனை மிக மோசமான அழிவு அபாயத்தில் உள்ள இனமாகச் சேர்த்தது. இயற்கையில் அற்றுப்போவதற்கு முன்பு அதற்குமேல் வேறு படி இல்லை.

இந்த நிகழ்வைத் தூண்டில்காரர்களின் குற்றப்பட்டியலாகவோ தியாக வரலாறாகவோ எழுதிவிடுவது எளிது. இரண்டுமே உண்மையின் பாதியை மறைத்துவிடும். நாட்டு மீனைக் காப்பதில் தூண்டில்காரருக்குள்ள பொறுப்பு, பிடித்த மீனை விட்டுவிடுவதோடு முடிந்துவிடுகிறதா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. கையில் இருப்பது எந்த மீன் என்று அறிவதும், ஆற்றுக்குள் புதிய மீனைக் கொண்டுவராமல் இருப்பதும், பிடித்ததையும் பிடிக்காததையும் ஒழுங்காக எழுதி வைப்பதும் விடுவிப்பைவிடக் கனமான கடமைகள் என்பதைக் காவிரியில் நடந்தவை காட்டுகின்றன என்பது என் கருத்து.

மீனும் ஆறும்

மஹ்சீர்கள் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நண்டின் ஓட்டையும் நொறுக்கிவிடும். ஆழ்ந்த மடுக்களிலும் பாறை இடுக்குகளில் பாய்ந்து வரும் நீரிலும் வாழ்ந்து, மழைக்காலத்து வெள்ளத்தோடு மேலேறிச் சரளைக்கல் படுகைகளில் முட்டையிடும் இயல்புடையவை. அந்தக் குடும்பத்திலேயே உடல் பெருப்பதில் முன்வரிசையில் நிற்பது காவிரியின் திமில் மஹ்சீர். 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடை இருந்தது. இன்றளவும் தூண்டில்காரர்கள் வாயில் அடிபடும் எடை அதுதான்.

அந்த மீன் பிடிபட்ட காலத்திலேயே ஆறு மாறத் தொடங்கியிருந்தது. கிருஷ்ணராஜசாகர் அணை 1930களின் தொடக்கத்தில் முடிந்தது. 1934-இல் மேட்டூர் அணை நின்றது. 1950களில் பவானிசாகர் எழுந்தது. மேலேறி முட்டையிடும் மீனுக்குப் பாதை துண்டு துண்டாயிற்று. பின்னால் மணல் அள்ளுதல், கழிவுநீர், கோடையில் நீர்வரத்துக் குறைவு, எல்லாவற்றுக்கும் மேலாக மடுக்களில் வெடி வைத்து மீன் பிடிக்கும் வழக்கம் ஆகியவை வந்து சேர்ந்தன. மடுவில் விழும் ஒரு தோட்டா பெரிய மீனைப் போலவே குஞ்சையும் கொல்கிறது; செத்தவற்றில் பெரும்பகுதி அடியில் படிந்து யாருக்கும் பயன்படாமல் அழுகிப் போகிறது. ஆகவே, தூண்டில்காரர்கள் வந்து கெடுப்பதற்கு முன் எல்லாம் செழிப்பாக இருந்தது என்று தொடங்குவது நியாயமாகாது.

காவல் காலம்

1972-இல் பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் தொடங்கப்பட்டது. தூண்டில் பிடிப்பில் நாட்டமுள்ளவர்கள் அதில் முன்னின்று, காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டார்கள். 1977-78-இல் மூன்று ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் இந்தியாவுக்கு வந்து பல ஆறுகளில் தேடி, காவிரியில் 42 கிலோ வரை எடையுள்ள மீன்களைப் பிடித்தார்கள். மறைந்துபோனதாக வெளிநாட்டில் பேசப்பட்ட மீன் உயிரோடு இருப்பது அதனால் தெரிந்தது. பிறகு சிவனசமுத்திரத்துக்குக் கீழே பீமேஸ்வரி, தொட்டமாகளி, காலிபோர் ஆகிய இடங்களில் கர்நாடக அரசு நிறுவனத்தின் முகாம்கள் நடந்தன. பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி.

அந்த முகாம்களின் உண்மையான வலிமை விதியில் மட்டும் இருந்ததாகத் தோன்றவில்லை. ராகி மாவை வேகவைத்துப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டையாக்கி முள்ளில் பொதிந்து, மடுவின் எந்த மூலையில் போட வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஆற்றங்கரை ஊர்க்காரர்கள்தாம். அவர்களில் சிலர் முன்பு திருட்டு மீன்பிடிப்பில் இருந்தவர்கள். பரிசல் தள்ளவும் வழிகாட்டவும் காவல் பார்க்கவும் அவர்களுக்கே வேலை கிடைத்தபோது, மடுவில் கிடக்கும் ஒரு பெரிய மீன் செத்து விற்கப்படுவதைவிட உயிரோடு இருந்து திரும்பத் திரும்பப் பிடிபடுவதில் அதிக வருமானம் இருந்தது. வெடிச்சத்தம் கேட்டால் ஓடிப் பார்க்க ஆளும் இருந்தது. இந்த ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள், ஆள் நடமாட்டமற்ற ஆற்றுப்பகுதியை வேறு யார், எந்தச் சம்பளத்தில் காப்பார்கள் என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும்.

பொரிப்பகத்துக் குஞ்சுகள்

வழி பிசகியது இங்கேதான். 1970களில் மகாராஷ்டிரத்தின் லோணாவளாவில் டாடா நிறுவனத்தின் நீர்மின் ஏரிகளையொட்டி மஹ்சீர் பொரிப்பகம் ஒன்று இயங்கத் தொடங்கியது. நாடு முழுவதும் மஹ்சீர்கள் குறைந்துவருகின்றன என்ற கவலை அப்போது பரவலாக இருந்தது. குஞ்சு பொரிக்க வைத்து, விரல் நீளம் வளர்த்து, ஆறுகளுக்கு அனுப்புவது பாராட்டத்தக்க பணியாகவே கருதப்பட்டது. அங்கே வளர்க்கப்பட்டவற்றில் முக்கியமானது நீலத்துடுப்பு மஹ்சீர். புனேக்கு அருகிலுள்ள ஆற்றிலிருந்து 1839-இல் சைக்ஸ் என்பவரால் அறிவியலுக்கு விவரிக்கப்பட்ட அந்த மீன், கிருஷ்ணா வடிநிலத்துக்கு உரியது. காவிரிக்கும் அந்தக் குஞ்சுகள் வந்தன.

விட்டவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, அதில் சந்தேகமில்லை. மஹ்சீர் குறைந்திருக்கிறது, மஹ்சீரைக் கொண்டுவந்து விடுகிறோம் என்பதுதான் அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு குடும்பத்தின் பல இனங்கள் ஒரே மீனாகிவிட்டன. திமில் மஹ்சீருக்கு அன்று உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை. வேறொரு ஆற்றின் வேறொரு மீனுக்குச் சூட்டப்பட்ட பெயரே நீண்டகாலம் அதற்கும் வழங்கிவந்தது. உலகப் புகழ் பெற்ற மீன் ஒன்று, ஒன்றரை நூற்றாண்டு தூண்டில் வரலாற்றுக்குப் பிறகும், தனக்கென ஒரு பெயரில்லாமல் இருந்தது. பெயரில்லாத மீனைச் சட்டத்தால் காக்க முடியாது; பொரிப்பகத்தில் தனியாகப் பிரித்து வளர்க்கவும் யாருக்கும் தோன்றாது.

குஞ்சு விடுவதில் தூண்டில்காரர்களுக்கு ஒரு பலவீனம் எங்கும் உண்டு. விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையைச் சொல்லலாம், படம் எடுக்கலாம், நன்கொடை திரட்டலாம். ஒரு சரளைப் படுகையைக் கெடாமல் வைத்திருப்பதில் அப்படிக் காட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் இதற்கு நேர்மாறான பாதையை எடுத்தது. மேடிசன் ஆற்றில் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனின் பொரிப்பகக் குஞ்சுகளை விட்ட பகுதிகளில் ஆற்றிலேயே பிறந்த டிரவுட்டுகள் குறைவதையும், விடுவதை நிறுத்தியதும் அவை பெருகுவதையும் டிக் வின்சென்ட் என்ற மீன்வள அறிவியலாளர் கண்டறிந்தார். 1974 முதல், இயற்கையாகப் பெருகும் டிரவுட்டுகள் உள்ள ஆறுகளில் குஞ்சு விடுவதை அந்த மாநிலம் கைவிட்டது. அங்கே பெருகிய மீன்களில் பல, அந்த மண்ணுக்கு முன்பொரு காலத்தில் கொண்டுவரப்பட்டவையே என்பதால் அதை நாட்டு மீன் காப்பின் முழு எடுத்துக்காட்டாகச் சொல்ல மாட்டேன். இருப்பினும், தூண்டில்காரர்களின் எதிர்ப்பை மீறி எடுத்த முடிவு அவர்களுக்கே நன்மையாக முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது.

குறிப்பேடு சொன்னது

காலிபோர் முகாமில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், எத்தனை மீன் பிடித்தார், ஒவ்வொன்றும் என்ன எடை, எந்த வகை என்பதை எழுதி வைத்தார்கள். பெருமைக்காக எழுதியதாகவும் இருக்கலாம். 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகிய ஆய்வாளர்கள் எடுத்து அலசினார்கள். 23,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட தூண்டில் உழைப்பும், 6,000-க்கும் மேற்பட்ட மஹ்சீர்களும் அவற்றில் பதிவாகியிருந்தன. ஆராய்ச்சிக்கென்று நிதி ஒதுக்கி ஓர் ஆற்றில் இத்தனை ஆண்டுகள் இவ்வளவு நேரம் மாதிரி எடுக்க எந்த நிறுவனமும் முன்வந்திருக்காது.

மணிக்கணக்கு ஏன் முக்கியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஓர் ஆண்டில் நூறு மீன், மறு ஆண்டில் இருநூறு மீன் என்றால் மீன் இரட்டிப்பாகியிருக்கலாம். வந்தவர்களின் எண்ணிக்கையே இரட்டிப்பாகியிருக்கவும் கூடும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீன் என்று வகுத்தால்தான் ஆற்றின் நிலை புலப்படும். அதற்கு, ஒன்றும் சிக்காமல் திரும்பிய நாள்களும் குறிப்பேட்டில் இருந்தாக வேண்டும். பொதுவாகத் தூண்டில்காரர்கள் எழுத விரும்பாத நாள்கள் அவை.

எல்லா மஹ்சீர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த படம் மகிழ்ச்சியானது. மணிக்குக் கிடைக்கும் மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. சராசரி எடை குறைந்திருந்தது. இளமீன்கள் நிறைய வருகின்றன, மீன்கூட்டம் பெருகுகிறது என்பதே அதன் பொருள். காவலும் விடுவிப்பும் பலித்துவிட்டன என்று அங்கேயே நிறுத்தியிருந்தால், இந்த நிகழ்வு ஒரு வெற்றிக் கதையாகப் பதிவாகியிருக்கும்.

இரண்டு வகைகளையும் பிரித்துப் பார்த்தபோது படம் தலைகீழாயிற்று. பெருகியவை நீலத்துடுப்பு மீன்கள். திமில் மஹ்சீர்கள் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிக்கொண்டே வந்தன. கிடைத்த சிலவற்றின் சராசரி எடையோ ஏறிக்கொண்டே போயிற்று. தூண்டில்காரர் கண்ணுக்கு இது நல்ல செய்திபோலத் தெரியும், ஏனெனில் பிடிபடும் திமில் மீன் ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பெரியது. உண்மையில், இளமீன்கள் வந்து சேராமல், இருக்கும் கிழட்டு மீன்கள் மட்டும் வயதேறிக்கொண்டிருந்தன என்பதே அதற்குப் பொருள். பள்ளியில் சேரும் பிள்ளைகள் இல்லாமல் போன ஊரில் மக்களின் சராசரி வயது ஏறுவது போன்ற நிலை இது. 2015-இல் வெளியான இந்த முடிவுகளுக்கு ஆதாரமான எழுத்துகள் அனைத்தும் முகாமில் இருந்தவர்களின் கையால் எழுதப்பட்டவை. ஆண்டுதோறும் அவற்றைப் புரட்டி வகைவாரியாகக் கூட்டிப் பார்த்திருந்தால், பல ஆண்டுகள் முன்பே இது தெரிந்திருக்கும்.

காரணத்தை எவ்வளவு சொல்லலாம்

நீலத்துடுப்பு மீன்தான் திமில் மஹ்சீரை அழித்தது என்று இந்தப் பதிவுகளை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கியது என்பதைத்தான் அவை காட்டுகின்றன. அணைகளும் வெடியும் மணல் அள்ளுதலும் அதே காலத்தில் வேலை செய்துகொண்டிருந்தன. ஆனால் ஒன்றை மறுக்க இயலாது. அதே மடு, அதே காவல், அதே விடுவிப்பு விதி இரண்டு மீன்களுக்கும் பொதுவாக இருந்தன. ஒன்று இனம் பெருக்கியது, மற்றொன்றால் இயலவில்லை. எனவே ஆறு மஹ்சீர் வாழவே தகுதியற்றுப் போயிற்று என்ற வாதம் நிற்காது. உணவுக்கும் முட்டையிடும் இடத்துக்குமான போட்டி, திமில் மஹ்சீருக்கென்றே உள்ள ஏதோ ஒரு தேவை ஆற்றில் இல்லாமல் போனது, இரண்டு இனங்களும் கலந்துவிடும் ஆபத்து ஆகியவையே எஞ்சும் விளக்கங்கள். இவற்றில் எது சரியாக இருந்தாலும், வெளியாற்று மீனைக் கொண்டுவந்து விட்டது உதவியாக இருந்திருக்க வழியில்லை. இதில் என் கருத்து கடுமையானது: விளைவு தெரியாத நிலையில் அதைச் செய்யாமலிருப்பதே கடமையாக இருந்தது.

இந்தக் கதையில் ஒரு முரண் உண்டு. தாயக ஆறுகளில் நெருக்கடியில் இருப்பதாகக் கருதப்பட்டு, அதனாலேயே பொரிப்பகங்களில் பெருக்கப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர், இப்போது சிவப்புப் பட்டியலில் கவலை குறைந்த பிரிவுக்கு இறங்கிவிட்டது. அதை ஏற்றுக்கொண்ட ஆற்றின் சொந்த மீன் கடைசிப் படியில் நிற்கிறது.

2012-க்குப் பிறகு

முகாம்கள் இருந்த ஆற்றுப்பகுதி 1987-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள் விலங்கைப் பிடிப்பதும் அடங்கும் என்பதன் அடிப்படையில், 2012-இல் அங்கே தூண்டில் பிடிப்பு நிறுத்தப்பட்டது. சட்டப்படி இதில் குறை காண முடியாது. சரணாலயத்தில் விளையாட்டுக்காக ஒரு விலங்கைப் பிடிப்பது, விட்டுவிட்டாலும், பிடிப்பதுதான். ஆனால் தூண்டில்காரர்கள் போனபோது, அவர்கள் பணத்தில் நின்ற காவலும் குறிப்பேடும் சேர்ந்தே போயின. வெடி வைப்பவர்கள் மீண்டும் வருவதாகத் தூண்டில்காரர்கள் சொன்னதோடு, பொழுதுபோக்கு மீன்பிடிப்பு இந்த மீன்களின் காப்புக்கு உதவியாக இருந்தது என்று ஆய்வாளர்களும் எழுதினார்கள். முகாமை மூடியவர்கள் காவலுக்கு மாற்று ஏற்பாட்டைச் செய்துவிட்டு மூடியிருக்க வேண்டும் என்பதே இதில் என் நிலைப்பாடு. முகாமை அப்படியே மீண்டும் திறப்பதுதான் தீர்வு என்று வாதிடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பிடிக்க அனுமதித்தால்தான் காப்போம் என்பது காப்புக்கு வைக்கும் விலையாகிவிடுகிறது.

திமில் மஹ்சீருக்குப் பெயர் கிடைத்தது 2018-இல். மரபணுச் சோதனையும் உடற்கூறு ஒப்பீடும் செய்த ஆய்வுக்குழு, கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து முன்பே விவரிக்கப்பட்டிருந்த டோர் ரெமாதேவி என்னும் இனமே இது என்று நிறுவியது. பாம்பாறு அமராவதி வழியாகக் காவிரியில் சேரும் ஆறு. அந்த ஆய்வுக்கான மீன்கள் கிடைத்தது, நீலகிரியிலிருந்து இறங்கி, முதுமலையையும் சத்தியமங்கலம் காடுகளையும் கடந்து பவானிசாகரில் சேரும் மோயாற்றில். பெயர் வந்த அதே ஆண்டிலேயே சிவப்புப் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

விடுவிப்பின் அளவு

பிடித்து விடுதலை நான் குறைத்துப் பேசுவதாகத் தோன்றக் கூடாது. அது சரியாகச் செய்யப்படும்போது பெரும்பாலான மீன்கள் பிழைத்துக்கொள்கின்றன. சரியாகச் செய்வது எப்படி என்பதில்தான் அக்கறை போதவில்லை. முப்பது கிலோ மீனை மெல்லிய தூண்டில் நரம்பில் பிடித்து, நீண்ட நேரம் இழுபறி நடத்துவது தூண்டில்காரருக்குப் பெருமை; மீனின் தசைகளிலோ அமிலம் ஏறி, கரைக்கு வரும்போது நிமிர்ந்து நிற்கவும் வலு இருப்பதில்லை. வெயிற்காலத்து வெதுவெதுப்பான நீரில் உயிர்வாயு குறைவு என்பதால் அது மூச்சு மீளவும் அதிக நேரம் ஆகும். அந்த நிலையில் மீனைத் தூக்கி மடியில் கிடத்திப் படம் எடுத்தால், காற்றில் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன; உலர்ந்த கையும் சூடான பாறையும் உடலின் வழுவழுப்புப் படலத்தைத் துடைத்தெடுத்து நோய்க்கு வழி திறக்கின்றன. கனமான நரம்பு, பின்முள் தட்டி மழுக்கிய ஒற்றை முள், நனைந்த கை, மீனை நீருக்குள் வைத்தபடியே முள்ளைக் கழற்றுதல், தானாக உதறிக்கொண்டு போகும்வரை தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து நிற்றல் என்பவையெல்லாம் தெரிந்தவைதாம். நீர் மிகவும் சூடேறிய நாளில் தூண்டிலே போடாமலிருப்பதையும் இதே வரிசையில் சேர்க்க வேண்டும். அதைச் செய்கிறவர்கள் குறைவு.

ஆயினும் காவிரியில் விடுவிப்பு முறையாகவே நடந்தது என்று வைத்துக்கொண்டாலும் முடிவு மாறியிருக்காது. வளர்ந்த மீனின் உயிரைத்தான் விடுவிப்பு காக்கிறது. குஞ்சு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

மோயாற்றுக்கு வேண்டியவை

இன்று திமில் மஹ்சீர் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த முக்கியமான இடம் மோயாறு. புலிகள் காப்பகங்களுக்குள் பாயும் அந்த ஆற்றில் தூண்டில் போட வழியில்லை. போட விரும்பவும் கூடாது. தன் வாழ்நாளில் ஒரு திமில் மஹ்சீரையாவது பிடித்துவிட வேண்டும் என்ற ஆசை தூண்டில்காரரிடம் இயல்பானது, ஆனால் எண்ணிக்கையில் இவ்வளவு சுருங்கிவிட்ட மீனிடம் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள முடியாது. அந்த இடத்தை அறிந்தவர்கள், மடுக்களின் அடையாளம் தெரியும்படி படங்களைப் பரப்பாமல் இருப்பதும் இதில் அடங்கும்.

காவிரியின் மற்றப் பகுதிகளில், சரணாலயங்களுக்கு வெளியே அனுமதியோடு தூண்டில் போடுகிறவர்களின் வேலை வேறு. எந்த மஹ்சீரைப் பிடித்தாலும், விடும் முன் பக்கவாட்டில் தலையும் முதுகும் துடுப்பும் தெரிய நீரிலேயே ஒரு படம், நாள், தூண்டில் போட்ட மணி நேரம், வெறுங்கையோடு திரும்பிய நாள்கள் ஆகியவற்றை எழுதி மீன் ஆய்வாளர்களிடம் சேர்க்கலாம். வெளியாற்று மீனைத் திருப்பி விடுவது கடமை அன்று என்பதையும் சொல்ல வேண்டும். திலாப்பியாவைப் பிடித்தவர் அதை மரியாதையோடு ஆற்றில் விடுவதில் எந்த அறமும் இல்லை. நீலத்துடுப்பு மஹ்சீரைப் பற்றி இதையே சொல்லத் தயங்குகிறேன், ஏனெனில் இளமீன் பருவத்தில் இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர் கையில் அந்த அனுமதி திமில் மஹ்சீரின் குஞ்சுக்கே எமனாகலாம்.

குஞ்சு விடும் திட்டம் எந்தச் சங்கத்தின் பெயரில் வந்தாலும், எந்த விழாவோடு வந்தாலும், தாய்மீன்கள் எந்த ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டவை, அவற்றின் மரபணு சோதிக்கப்பட்டதா என்பவற்றை எழுத்தில் கேட்க வேண்டியவர்கள் தூண்டில்காரர்கள்தாம். முன்பு அந்தக் குஞ்சுகளை வரவேற்றவர்கள் என்ற முறையில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு அதிகம். பவானிசாகருக்கு மேலே எந்தப் பொரிப்பகத்து மஹ்சீரும் விடப்படலாகாது. திமில் மஹ்சீரையே பொரிப்பகத்தில் பெருக்கும் முயற்சி நடந்தாலும், அந்தக் குஞ்சுகள் மோயாற்றுக்குத் தேவையா என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கே இளமீன்கள் தாமாக வந்துகொண்டிருக்கும் வரை ஒரு குஞ்சும் தேவையில்லை.